கார் இல்லாதவர்களின் பகல் நேரப் பயணம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னையின் போக்குவரத்தைப் பற்றிய செய்தியோ, அறிவிப்போ, கூட்டமோ எதுவானாலும், காலையில் அலுவலகம் சென்று மாலையில் வீடு திரும்புகிறவரை மனத்தில் வைத்தே பேசப்படுகிறது. அவருடைய பயணம் முக்கியமானது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், காலை பத்து மணிக்கு மேல் மாலை நான்கு மணிக்குள் வங்கிக்கும், மருத்துவரிடமும், ரேஷன் கடைக்கும், மின்வாரிய அலுவலகத்துக்கும், மருந்துக் கடைக்கும் அலைகிற பெருங்கூட்டம் ஒன்று இந்த நகரத்தில் இருக்கிறது. இல்லத்தரசிகள், ஓய்வூதியர்கள், முதியோரைக் கவனித்துக்கொள்பவர்கள், வீட்டு வேலைக்குச் செல்லும் பெண்கள் ஆகியோரே இதில் பெரும்பாலோர். இவர்களில் காரோ இருசக்கர வாகனமோ ஓட்டாதவர்களின் பகல் பொழுது எப்படிக் கழிகிறது என்பதை மடிப்பாக்கத்தில் வசிக்கும் ஒருத்தி என்ற முறையில் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் வீட்டில் கார் இல்லை. வாங்கும் உத்தேசமும் இல்லை. எழுபதைக் கடந்த என் தாயாருடைய வேலைகளும் வீட்டு வேலைகளும் என் பொறுப்பு.

அலுவலகப் பயணத்துக்கும் இந்த வெளிவேலைப் பயணத்துக்கும் அடிப்படையிலேயே ஒரு வேறுபாடு உண்டு. அலுவலகம் செல்பவர் ஓரிடத்தில் ஏறி ஓரிடத்தில் இறங்குகிறார். வெளிவேலைக்குக் கிளம்புகிறவர் மூன்று நான்கு இடங்களைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். ஒவ்வோர் இடமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் தொலைவுதான் இருக்கும். ஆனால், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக ஒவ்வொரு முறையும் தனியாகக் காத்திருக்க வேண்டும். கார் வைத்திருப்பவர் ஒரே சுற்றில் முடித்துவிடுகிற வேலை எங்களுக்கு முழுப்பகலாக நீள்வதற்குக் காரணம் பேருந்தின் வேகக்குறைவு அன்று, இந்தக் காத்திருப்புதான். வண்டிக்குள் உட்கார்ந்திருக்கும் நேரத்தைவிட நிறுத்தத்தில் நிற்கும் நேரமே அதிகம்.

இதில் ஒரு தாமதம் அடுத்த தாமதத்தைக் கூட்டிக்கொண்டு வருகிறது. ஸ்கேன் மையத்தில் அறிக்கை பதினொரு மணிக்குத் தயாராகிவிடும் என்கிறார்கள்; பன்னிரண்டரைக்குத்தான் கைக்கு வருகிறது. அதற்குள் அடுத்த பேருந்து போய்விடுகிறது. அதற்கடுத்த பேருந்து எப்போது என்று யாருக்கும் தெரியாது. வங்கிக்குப் போய்ச் சேரும்போது உணவு இடைவேளை; அது முடிந்து உட்கார்ந்தால் ‘சிஸ்டம் ஸ்லோ’ என்கிறார்கள். ரேஷன் கடையில் கைரேகைக் கருவி வேலை செய்யும் நேரமாகப் பார்த்துப் போக வேண்டும். கார் உள்ளவருக்கும் இந்தத் தாமதங்கள் நேர்கின்றன. ஆனால், அவர் நடுவில் எழுந்து வேறொரு வேலையை முடித்துக்கொண்டு திரும்பி வர முடியும். எங்களுக்கு அந்த வழி இல்லாததால், வெளியில் கிளம்பும் முன்னரே எந்த வேலையை முதலில் வைத்தால் எது கெடாது என்று ஒரு கணக்குப் போட்டாக வேண்டியிருக்கிறது. பால், தயிர், மீன் கடைசியில். மாவு மில்லில் கொடுத்துவிட்டுப் போவது முதலில். கையெழுத்து வேண்டிய எதுவும் செவ்வாய், புதன் கிழமைகளில் என்பதுபோன்ற விதிகள் எங்கள் தெருப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான்.

இந்த இடத்தில் நன்றியோடு குறிப்பிட வேண்டியது, 2021 மே மாதம் முதல் நடைமுறையில் உள்ள மகளிருக்கான கட்டணமில்லாப் பேருந்துப் பயணம். இத்திட்டத்தால் ஒரு பெண் மாதம் சராசரியாக 888 ரூபாய் சேமிக்கிறார் என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு குறிப்பிட்டது. என்னைக் கேட்டால் பணத்தைவிடப் பெரிய லாபம் வேறொன்று: ஐந்து ரூபாய்க்கும் பத்து ரூபாய்க்கும் கணக்குச் சொல்லத் தேவையில்லாததால், முன்பு இரண்டு நிறுத்தங்கள் வெயிலில் நடந்தே போய்க்கொண்டிருந்த பெண்கள் இன்று மூட்டையோடு பேருந்தில் ஏறுகிறார்கள். இதை ‘ஓசிப் பயணம்’ என்று கேலி பேசுகிறவர்கள், பகல் பதினொரு மணிக்கு, சாதாரணக் கட்டணத்தில் ஓடும் ஒரு வெள்ளைப் பலகைப் பேருந்தில் ஏறி, அதில் யார் யார் எதற்காகப் போகிறார்கள் என்று ஒருமுறை பார்க்கட்டும்.

ஆனால், இந்தச் சலுகை சாதாரணக் கட்டணப் பேருந்துகளுக்கு மட்டுமே பொருந்தும் என்பதால், சொகுசுப் பேருந்துகளைப் போகவிட்டுவிட்டு நிற்கும் காட்சியை எந்த நிறுத்தத்திலும் காணலாம். கையில் காசு இருப்பவர் ஏறிவிடுகிறார். இல்லாதவர் தம்முடைய நேரத்தைக் கட்டணமாகக் கொடுக்கிறார். அறுபது வயதைக் கடந்த ஆண்களின் நிலைமை இன்னும் இக்கட்டானது. சென்னையில் 2016 முதல் மூத்த குடிமக்களுக்கு மாதம் 10 இலவசப் பயண டோக்கன்கள் வழங்கப்படுகின்றன. போக ஒன்று, வர ஒன்று என்றால் அது ஐந்து நாள் பயணம். ஆனால், மருத்துவமனைக்குப் போய், அங்கிருந்து வங்கிக்குப் போய், பிறகு வீடு திரும்பினால் ஒரே நாளில் மூன்று டோக்கன்கள் தீர்ந்துவிடுகின்றன. வழியில் பேருந்து மாற நேர்ந்தால் நான்கு. ஒரு வேலைக்கு ஒரு பயணம் என்று எண்ணி வகுத்த சலுகை, பல வேலைகளை ஒன்றாகக் கோத்துக்கொண்டு போகிறவருக்கு எப்படிப் பற்றாமல் போகிறது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

எங்கள் பகுதிக்கே உரிய ஒன்றையும் சொல்ல வேண்டும். மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டம் ஏறக்குறைய 119 கிலோமீட்டர் நீளம் கொண்டது. அதில் மாதவரத்திலிருந்து சோழிங்கநல்லூர் வரை செல்லும் தடம் உள்ளகரம், மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை வழியாக மேடவாக்கத்தை நோக்கிச் செல்கிறது. மெட்ரோ வரவேண்டும், வந்தால் எங்களுக்குப் பெரும் நன்மை. ஆகவே, பணிகள் நடப்பதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால், பல ஆண்டுகள் நீடிக்கும் ஒரு கட்டுமானத்தின்போது அந்தச் சாலையில் நடப்பவரையும் நிற்பவரையும் யாராவது நினைத்துப் பார்த்தார்களா என்பதுதான் கேள்வி. தடுப்புத் தகடுகள் ஒரு மாதம் இந்தப் பக்கம், அடுத்த மாதம் அந்தப் பக்கம் என்று இடம் மாறும்போது பேருந்து நிறுத்தமும் சேர்ந்து நகர்கிறது. நகர்ந்த இடத்தில் ஒரு பலகைகூட இருப்பதில்லை. பழைய நிழற்குடையில் ஐந்தாறு பேர், நூறடி தள்ளிப் பெட்டிக்கடை வாசலில் ஐந்தாறு பேர், எதற்கும் இருக்கட்டும் என்று நடுவில் இரண்டு பேர் என மூன்று கூட்டமாக நிற்கிறோம். வண்டி தூரத்தில் தெரிந்ததும், தலைப்பலகையில் உள்ள எண் கண்ணுக்குப் புலப்படும் முன்பே, ஓட்டுநர் எந்தப் பக்கம் ஒதுங்குவார் என்று முகக்குறி பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு எல்லோரும் ஓடத் தயாராகிறோம். முழங்கால் வலி உள்ளவருக்கு அந்த நூறடி ஓட்டம் சாத்தியமில்லை. அவருக்கு அந்தப் பேருந்து வந்ததும் வராததும் ஒன்றுதான். சிமெண்ட் தளத்தில் நட்ட ஓர் இரும்புக் குழாயும் அதில் ஒரு தகரப் பலகையும் இருந்தால் தீர்ந்துவிடக்கூடிய சிக்கல் இது.

ஓடிப்போய்ப் பிடித்தாலும் ஏறுவது இன்னொரு பாடு. இதற்கு முடிவு என்ன என்பது அரசுக்குத் தெரியாததன்று. தரைத்தளம் 400 மில்லிமீட்டர் உயரமே உள்ள தாழ்தளப் பேருந்துகள் வேண்டும் என்று மாற்றுத்திறனாளிகள் உயர் நீதிமன்றம் வரை சென்று ஆண்டுக்கணக்கில் போராடியதன் பிறகு, 2024 ஆகஸ்டில் அத்தகைய பேருந்துகள் சென்னைச் சாலைகளில் மீண்டும் ஓடத் தொடங்கின. சக்கர நாற்காலிக்காகக் கேட்கப்பட்ட அந்தப் பேருந்தில் இன்று அதிக ஆறுதலோடு ஏறுகிறவர்கள் என் தாயாரைப் போன்ற முதியவர்களும், கைக்குழந்தையோடு வருபவர்களும், காய்கறிப் பை சுமப்பவர்களும்தாம். ஆனால், ஓட்டுநர் வண்டியை நடைபாதை விளிம்பை ஒட்டி நிறுத்தினால்தான் அந்தத் தாழ்தளத்துக்குப் பொருள் உண்டு. விளிம்பை ஒட்டி ஆட்டோக்களும், தள்ளுவண்டிகளும், நிறுத்திவைத்த கார்களும் நிற்கும் வரை பேருந்து நடுச்சாலையில்தான் நிற்கும். நாங்கள் சாலையில் இறங்கி, இருசக்கர வாகனங்களுக்கு இடையே புகுந்து போய்த்தான் ஏற வேண்டியிருக்கும்.

நடைபாதையைப் பற்றித் தனியாகவே ஒரு கடிதம் எழுதலாம். சென்னை மாநகராட்சி 2014-ஆம் ஆண்டிலேயே மோட்டார் அல்லாத போக்குவரத்துக்கென ஒரு கொள்கையை ஏற்று, தன்னுடைய போக்குவரத்து நிதியில் 60 விழுக்காட்டையேனும் நடப்போருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் ஒதுக்குவதாகக் கூறியது. 2019 நவம்பரில் பாண்டி பஜாரில் திறக்கப்பட்ட நடைபாதை வளாகம் அதன் அழகான அடையாளம். தியாகராய நகருக்குத் துணி எடுக்கப் போகும்போதெல்லாம் அதில் நடந்து மகிழ்கிறேன். ஆனால், ஆண்டுக்கு இரண்டு முறை துணி எடுக்கப் போகிற இடத்தில் அகலமான நடைபாதையும், வாரத்துக்கு நான்கு நாள் மருந்து வாங்கப் போகிற இடத்தில் சாக்கடைப் பள்ளமும் இருப்பதை என்னவென்று சொல்வது? நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்கிறது இந்தியச் சாலைக் காங்கிரசின் விதிமுறை. பாதாளச் சாக்கடைக்காகத் தோண்டப்பட்டு, மூடப்பட்டு, மறுபடியும் தோண்டப்பட்ட எங்கள் உட்புறத் தெருக்களில் முழுச் சாலையிலும் அந்த அளவு சமதளம் கிடைத்தால் பெரிய விஷயம். மழைக்காலத்தில் எங்கே பள்ளம், எங்கே மேடு என்று தெரியாத நீரில், முன்னால் போகிறவரின் கால்தடத்தைப் பார்த்து நடப்பதுதான் மடிப்பாக்கத்தின் வழக்கம். கார் வைத்திருப்பவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் பேருந்துப் பயணம் நடையில்தான் தொடங்கி நடையில் முடிகிறது. அந்த நடையைச் செப்பனிடாமல் புதிய பேருந்து விடுவதால் பாதிப் பயனே கிடைக்கும்.

பேருந்து வராத இடத்துக்கு ஆட்டோ இருக்கிறதே என்று சிலர் சொல்லக்கூடும். ஆட்டோவுக்கு அரசு கடைசியாகக் கட்டணம் நிர்ணயித்தது 2013 ஆகஸ்டில்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்குமேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். அதன் பிறகு பெட்ரோல், எரிவாயு, காப்பீடு, வீட்டு வாடகை எல்லாம் எங்கே போய்விட்டன என்பது அனைவரும் அறிந்ததே. நடைமுறைக்கு ஒவ்வாத கட்டணத்தை ஏட்டில் வைத்துக்கொண்டிருந்தால் மீட்டர் ஓடாது. மீட்டர் ஓடாத இடத்தில் பேரம்தான் சட்டம். பேரம் பேசத் தெரியாத முதியவரும், மழையில் மருத்துவமனை வாசலில் நிற்பவரும் அதில் எப்போதும் தோற்பவர்கள். இந்த விஷயத்தில் நான் ஓட்டுநர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆண்டுதோறும் திருத்தப்படுகிற ஒரு நியாயமான கட்டணம் இருந்தால் இரு தரப்புக்கும் நிம்மதி. நடுத்தர வர்க்கம் முகம் சுளிக்கிற ஷேர் ஆட்டோவோ, சட்டப்படி தனக்கு ஓர் இடம் இல்லாவிட்டாலும், எங்கே கையை நீட்டினாலும் நின்று, எங்கே சொன்னாலும் இறக்கிவிட்டு, வெளிவேலைக்குச் செல்பவரின் தேவையை அதிகாரிகளைவிட நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறது. 2013 அக்டோபரில் 50 சிற்றுந்துகளோடு தொடங்கப்பட்ட சேவையும் இதே தேவைக்கானதுதான். பெரிய பேருந்து நுழைய முடியாத தெருக்களுக்குள் அது வந்த காலத்தில் அதை வரவேற்றவர்கள் ஏராளம். அதைப் போதிய அளவுக்குப் பெருக்காமல் விட்டது ஏன் என்று எனக்குப் புரியவே இல்லை.

பெரிய திட்டங்கள் ஒன்றோடொன்று இணையாமல் போவதற்கும் எங்கள் பகுதியே சான்று. வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரையிலான பறக்கும் ரயில் நீட்டிப்பு வெறும் ஐந்து கிலோமீட்டர். 2008-இல் பணி தொடங்கியது. நிலமெடுப்பு வழக்குகளால் ஆதம்பாக்கத்தில் அரை கிலோமீட்டர் இடைவெளியோடு தூண்கள் ஆண்டுக்கணக்கில் அந்தரத்தில் நின்றன. கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே ஏழு மாதத்துக்கு என்று 2023 ஆகஸ்டில் நிறுத்தப்பட்ட பறக்கும் ரயில் சேவை 2024 அக்டோபர் இறுதியில்தான் திரும்பி வந்தது. கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் 2023 டிசம்பரில் திறக்கப்பட்டபோது அதற்கான ரயில் நிலையமும் இல்லை, நடைமேம்பாலமும் இல்லை. கார் உள்ளவருக்கு இவை செய்திகள். மற்றவர்களுக்கு ஒவ்வொன்றும் கூடுதலாக ஒரு வண்டி மாற வேண்டிய தண்டனை.

இவற்றை ஒருங்கிணைக்கவே கும்டா எனப்படும் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கு 2010-இல் சட்டம் இயற்றப்பட்டது. 2025 செப்டம்பரில் வெளிவந்த ‘சென்னை ஒன்று’ செயலியில் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் ஆகியவற்றுக்கு ஒரே க்யூஆர் சீட்டு எடுக்க முடிகிறது, நல்ல தொடக்கம். ஆயினும், செயலி சீட்டு எடுக்கும் சிரமத்தைத்தான் குறைக்கிறது; இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டணம் கட்டும் முறை அப்படியேதான் இருக்கிறது. சீட்டு எடுத்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் எத்தனை பேருந்து மாறினாலும் அதே சீட்டு செல்லும் என்று ஒரு விதி இருந்தால், பல இடங்களைத் தொட்டுத் திரும்புகிறவருக்கு அது எவ்வளவு பேருதவியாக இருக்கும்! முன்பு ஐம்பது ரூபாய்க்கு நாள் முழுவதும் செல்லும் சீட்டு ஒன்று இருந்தது; அதை நிறுத்திவிட்டார்கள். ஆயிரம் ரூபாய் மாத அட்டை நாள்தோறும் பயணம் செய்கிறவருக்குக் கட்டுப்படியாகும்; வாரத்தில் இரண்டு நாள் மட்டும் அலைகிறவருக்கு ஆகாது.

பயணத்தை எளிதாக்குவதைப் போலவே, தேவையற்ற பயணத்தைக் குறைப்பதும் முக்கியம். இதில் அரசுகள் சில நல்ல வழிகளைக் காட்டியிருக்கின்றன. ஓய்வூதியரின் உயிர்வாழ் சான்றிதழை இப்போது தபால்காரர் வீட்டுக்கே வந்து 70 ரூபாய்க்கு மின்னணு முறையில் எடுத்துத் தருகிறார். 2021-இல், வீட்டுக்கே வந்து மருந்து தரும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வந்தது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தின்படி, முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருள்கள் வீடு தேடி வருகின்றன. மக்களை அலையவிடாமல் இருப்பதும் அரசின் கடமை என்று ஏற்றுக்கொண்டதன் அடையாளமாகவே இவற்றைக் கருதுகிறேன். அதே எண்ணம் மற்ற அலுவலகங்களுக்கும் வரவேண்டும். ‘இன்றைக்கு ஐயா வரவில்லை, நாளைக்கு வாங்க’ என்ற ஒற்றை வாக்கியம் ஒரு முதியவரின் அரை நாளையும் மூன்று டோக்கன்களையும் விழுங்கிவிடுகிறது. ‘ஐயா’ வரமாட்டார் என்பதைக் காலையிலேயே ஒரு குறுஞ்செய்தியாக அனுப்புவதற்கு எந்தக் கூடுதல் நிதியும் தேவையில்லை. மருத்துவமனைகளும் ஸ்கேன் மையங்களும் எல்லோரையும் காலை எட்டு மணிக்கே வரச்சொல்லி வரிசையில் உட்கார வைப்பதற்குப் பதிலாக, மணிவாரியாக டோக்கன் கொடுக்கலாம். தனியார் நிறுவனங்கள் இதைச் செய்யக் கூச்சப்படுவது வியப்பாக இருக்கிறது.

எல்லாப் பொருளும் பத்து நிமிடத்தில் வீட்டுக்கு வருகிறதே, எதற்கு அலைய வேண்டும் என்று என் உறவினர்களில் இளையவர்கள் கேட்கிறார்கள். வெங்காயம் வரும், ஸ்கேன் இயந்திரம் வராது. வங்கிப் பெட்டகமும், பதிவாளர் அலுவலகமும், பல் மருத்துவரின் நாற்காலியும் வரா. ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொள்ளலாமே என்பவர்களுக்கும் ஒரு சொல்: பார்வை மங்கியவர், வலிப்புக்கு மருந்து சாப்பிடுபவர், பதினெட்டு வயது நிரம்பாதவர், ஓட்ட விருப்பமில்லாதவர், வண்டி வாங்க வசதியில்லாதவர் என்று ஓட்டாதவர்கள் எந்நாளும் இருப்பார்கள். ஓட்டுகிறவர்களும் ஒரு வயதுக்குமேல் எங்கள் வரிசையில்தான் வந்து சேரப் போகிறார்கள்.

ஆகவே, மாநகர் போக்குவரத்துக் கழகத்துக்கும் கும்டாவுக்கும் என் வேண்டுகோள், முதலாவதாக, பகல் பத்து மணி முதல் நான்கு மணி வரை ஒவ்வொரு தடத்திலும் எத்தனை சாதாரணக் கட்டணப் பேருந்துகள், எத்தனை நிமிட இடைவெளியில் இயக்கப்படுகின்றன என்ற விவரத்தைத் தடவாரியாகப் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிட வேண்டும் என்பதே. அதை நிறுத்தங்களிலும் தமிழில், பெரிய எழுத்தில் ஒட்ட வேண்டும்; செயலி இல்லாதவரும் படிக்க வேண்டுமல்லவா? அரை மணிக்கு ஒரு வண்டிதான் என்றாலும் சரி, அது எப்போது என்று தெரிந்தால் நாங்கள் அதற்கேற்ப எங்கள் வேலைகளை அமைத்துக்கொள்வோம். மெட்ரோ பணி நடக்கும் சாலைகளில் இடம் மாறிய நிறுத்தங்களுக்குத் தற்காலிகப் பலகை வைப்பதை ஒப்பந்ததாரரின் பொறுப்பாகவே ஆக்கலாம். இரண்டு மணி நேரச் சீட்டை ஒரு பணிமனையின் தடங்களில் மட்டுமாவது சோதனை முறையில் தொடங்கிப் பார்க்கலாம். தங்கள் நாளிதழின் செய்தியாளர் ஒருவர் ஒரு வேலை நாளில் பகல் பதினொரு மணிக்கு மேடவாக்கம் நெடுஞ்சாலையில் எந்த நிறுத்தத்திலாவது எங்களோடு நின்று, வந்த பேருந்துகளையும் வராத பேருந்துகளையும் குறித்துச் செய்தியாக வெளியிட்டால், இந்தக் கோரிக்கைகளுக்கு என் கடிதத்தைவிட அதுவே வலுச் சேர்க்கும் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
மடிப்பாக்கம் வாசகி,
சென்னை.